அத்தியாயம் 7: கடைசியாகத் தொட்டது முதலில்

வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். மடித்து அடுக்கிய சட்டைகளில் மேலே இருக்கும் நான்கைந்துதான் மாறி மாறி உடம்பில் ஏறுகின்றன. துவைத்துக் காய்ந்து வரும் சட்டை அடுக்கின் உச்சியில் போய் உட்காருகிறது. மறுநாள் காலை அவசரத்தில் கை அந்த உச்சியைத்தான் தொடுகிறது. அடியில் கிடக்கும் பட்டுச் சட்டைக்கு ஒரு கல்யாணம் வந்தாக வேண்டும். இந்த வரிசையை யாரும் உட்கார்ந்து யோசித்து அமைக்கவில்லை. எடுத்ததை மேலே வைத்தோம். வரிசை தானே அமைந்துவிட்டது.

அலுவலகத்தில் கணக்கு, பதிவு, பட்டியல் வேலை பார்ப்பவர்கள் இதே காட்சியைத் தினமும் கணினித் திரையில் பார்க்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் போன்ற தரவுத்தள மென்பொருளைத் திறந்ததும், ‘அண்மையில் திறந்தவை’ என்று சில கோப்புகளின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலான நாட்களில் நாம் திறக்க நினைத்த கோப்பு முதல் இரண்டு மூன்று வரிகளுக்குள்ளேயே இருக்கும். அதைப் பார்க்கும்போது சில கேள்விகள் எழுவது இயல்பு. எனக்கு வேண்டியது எது என்று இதற்கு எப்படித் தெரிந்தது? போன மாதம் அழித்துவிட்ட கோப்பின் பெயர் ஏன் இன்னும் அங்கே நிற்கிறது? அந்தப் பெயரை இங்கிருந்து நீக்கினால் உள்ளே இருக்கும் தரவும் போய்விடுமா?

கடைசிக் கேள்வியில் இருக்கும் பயம் உண்மையானது. அந்தப் பயத்தாலேயே பலர் அந்தப் பட்டியலைத் தொடுவதே இல்லை. அங்கிருந்தே தொடங்குவோம்.

பெயர் வேறு, பொருள் வேறு

தரவுத்தளம் என்பது ஒழுங்கான அட்டவணைகளில் தகவல்களைச் சேர்த்து வைத்து, கேட்டதும் எடுத்துத் தரும் ஏற்பாடு. வங்கிகளும் ரயில்வேயும் இதற்குப் பெரிய சர்வர்களை வைத்திருக்கின்றன. ஒரு மேசைக் கணினியே போதும் என்ற அளவில் உள்ள வேலைகளுக்கு மேசைத் தரவுத்தள மென்பொருள்கள் உண்டு. 1992இல் வெளிவந்த ஆக்சஸ் அவற்றில் பெயர் பெற்றது. லிப்ரே ஆஃபீஸ் தொகுப்பில் உள்ள பேஸ் இலவசமாகக் கிடைப்பது.

ஆக்சஸில் ஒரு தரவுத்தளம் என்பது ஒரே ஒரு கோப்பு. அட்டவணைகள், தரவை உள்ளிடும் படிவங்கள், அறிக்கைகள் எல்லாம் அந்த ஒற்றைக் கோப்புக்குள் அடங்கும். 2 ஜிபி வரை அது வளரலாம். 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அதன் பெயர் ‘ஏசிசிடிபி’ என்று முடிகிறது. அதற்கு முன் ‘எம்டிபி’ என்று முடிந்தது. அந்தக் கோப்பு வன்தட்டில் ஏதோ ஒரு ஃபோல்டரில் இருக்கிறது.

அண்மைப் பட்டியலில் இருப்பது அந்தக் கோப்பு கிடையாது. அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே. எந்த டிரைவ், அதற்குள் எந்த ஃபோல்டர், அதற்குள் என்ன பெயர் என்று சொல்லும் இந்த முகவரியைப் ‘பாதை’ என்போம். கல்யாணப் பத்திரிகை அனுப்ப ஒரு நோட்டில் உறவினர் முகவரிகளை எழுதி வைத்திருக்கிறோம். நோட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் அந்த உறவினரின் வீடு இடிந்துவிடுவதில்லை. அதேபோல் அவர் வீடு மாறிப் போனாலும் நோட்டில் பழைய முகவரி அப்படியே இருக்கும். நாம் திருத்தினால்தான் மாறும்.

தொடக்கத்தில் எழுந்த மூன்று கேள்விகளில் இரண்டுக்கு இதிலேயே விடை கிடைத்துவிட்டது. பட்டியலிலிருந்து பெயரை நீக்கினால் தரவுக்கு எதுவும் ஆகாது. கோப்பை அழித்த பிறகும் பெயர் நிற்பதற்குக் காரணம், கோப்பு போன செய்தியைப் பட்டியலுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது?

விண்டோஸ் இயங்குதளத்தில் ‘ரெஜிஸ்ட்ரி’ என்ற ஒரு மையப் பதிவேடு உண்டு. மென்பொருள்கள் தங்கள் அமைப்புகளையும் நினைவுக் குறிப்புகளையும் எழுதி வைக்கும் இடம் அது. ஆக்சஸின் அண்மைப் பட்டியலும் அதற்குள்தான் இருக்கிறது; அதுவும் ஒவ்வொரு பயனருக்கும் தனியாக ஒதுக்கிய பகுதியில். ஒரே கணினியில் இருவர் தங்கள் தங்கள் பெயரில் உள்நுழைந்தால் இருவருக்கும் வேறு வேறு பட்டியல் தெரிவது இதனால்தான்.

ஒவ்வொரு வரியிலும் மூன்று செய்திகள் இருக்கின்றன: இந்தப் பெயரை நிலையாக வைக்க வேண்டுமா என்று காட்டும் ஒரு சிறு குறி, கடைசியாகத் திறந்த நேரம், கோப்பின் முழுப் பாதை. நேரம் எழுதப்படும் விதம் சுவையானது. 1601ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் எத்தனை நொடிகள் கடந்தன என்ற கணக்கு அது. அதுவும் ஒரு நொடியை ஒரு கோடிக் கூறுகளாகப் பிரித்து எண்ணும் கணக்கு. நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டியின் லீப் ஆண்டு ஒழுங்கு 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் வருவது. 1601 அப்படி ஒரு சுற்றின் முதல் ஆண்டு. அங்கிருந்து எண்ணத் தொடங்கினால் தேதிக் கணக்கு எளிதாகிறது.

நேரம், பாதை, ஒரு குறி. இவ்வளவு சிறிய குறிப்பிலிருந்து நமக்கு வேண்டிய கோப்பைப் பட்டியல் எப்படி மேலே கொண்டுவருகிறது?

ஒரு பள்ளி அலுவலகத்தின் ஆறு நாட்கள்

ஒரு பள்ளி அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே ஐந்து தரவுத்தளக் கோப்புகள் இருக்கின்றன: வருகை, கட்டணம், மாணவர், தேர்வு, நூலகம். கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க வசதியாக, அண்மைப் பட்டியலில் நான்கு பெயர்களுக்கு மட்டுமே இடம் என்று வைத்துக்கொள்வோம். அலுவலக உதவியாளர் தினமும் காலையில் முதலில் வருகைக் கோப்பைத் திறப்பார். மற்றவை தேவைக்கேற்ப.

விதி மிக எளிது. எந்தக் கோப்பைத் திறந்தாலும் அதன் பெயர் பட்டியலின் உச்சிக்குப் போகும். மற்றவை ஒரு படி இறங்கும். இடம் போதாவிட்டால் கடைசியில் இருப்பது வெளியேறும். இதை ‘முன்னுக்கு நகர்த்தல்’ என்று அழைப்போம்.

திங்கட்கிழமை வருகை, கட்டணம், மாணவர் என்ற வரிசையில் மூன்று கோப்புகள் திறக்கப்படுகின்றன. மாலையில் பட்டியல் மேலிருந்து கீழாக இப்படி இருக்கும்: மாணவர், கட்டணம், வருகை.

செவ்வாய்க்கிழமை வருகையும் தேர்வும். பட்டியல்: தேர்வு, வருகை, மாணவர், கட்டணம். நான்கு இடங்களும் நிரம்பிவிட்டன.

புதன்கிழமை வருகையும் கட்டணமும். பட்டியல்: கட்டணம், வருகை, தேர்வு, மாணவர்.

வியாழக்கிழமை வருகைக்குப் பிறகு முதல்முறையாக நூலகம். ஐந்தாவது பெயருக்கு இடம் இல்லை. அடியில் இருந்த மாணவர் வெளியேறுகிறது. பட்டியல்: நூலகம், வருகை, கட்டணம், தேர்வு.

வெள்ளிக்கிழமை வருகை, பிறகு, நேற்று வெளியேறிய அதே மாணவர் கோப்பு தேவைப்படுகிறது. ஃபோல்டருக்குள் போய்த் தேடித் திறக்க வேண்டியதாயிற்று. திறந்ததும் அது உச்சிக்கு வருகிறது, தேர்வு வெளியேறுகிறது. பட்டியல்: மாணவர், வருகை, நூலகம், கட்டணம்.

சனிக்கிழமை வருகையும் கட்டணமும். இரண்டும் பட்டியலிலேயே இருக்கின்றன.

கூட்டிப் பார்ப்போம். ஆறு நாட்களில் 13 முறை கோப்புகள் திறக்கப்பட்டன. அவற்றில் 7 முறை வேண்டிய பெயர் பட்டியலிலேயே கிடைத்தது. 6 முறை ஃபோல்டருக்குள் தேட நேர்ந்தது. அந்த ஆறில் ஐந்து, ஒவ்வொரு கோப்பையும் முதல்முறை திறந்த நேரங்கள். அவற்றை எந்தப் பட்டியலாலும் தவிர்க்க முடியாது. உண்மையில் பட்டியல் தவறியது ஒரே ஒரு முறை: வெள்ளிக்கிழமை மாணவர் கோப்பில்.

வேறு விதமாக வெளியேற்றினால்?

முன்னுக்கு நகர்த்தாமல், வந்த வரிசைப்படியே வெளியேற்றிப் பார்க்கலாம். ரேஷன் கடை வரிசை போல, முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்ற முறை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதே ஆறு நாட்களுக்கு இந்த முறையைப் போட்டுப் பாருங்கள். வியாழக்கிழமை நூலகம் வந்ததும் வெளியேறுவது எது? திங்கட்கிழமை முதலில் வந்த வருகை. தினமும் திறக்கும் கோப்பு! வெள்ளிக்கிழமை காலையில் அதைத் தேட வேண்டும். அது திரும்பி வரும்போது கட்டணத்தை வெளியே தள்ளும். சனிக்கிழமை கட்டணத்தைத் தேட வேண்டும். மொத்தம் 13இல் 6 முறைதான் பட்டியல் உதவுகிறது.

எதிர்காலம் முழுவதும் தெரிந்த ஒருவர் பட்டியலை நடத்தினால் என்ன செய்வார்? வியாழக்கிழமை அவர் தேர்வை வெளியேற்றுவார். அந்த வாரத்தில் இனி அது தேவைப்படாது என்று அவருக்குத் தெரியும். அப்போது 13இல் 8 முறை கிடைக்கும். அதற்கு மேல் யாராலும் முடியாது.

ஆக, வரிசை முறைக்கு 6, முன்னுக்கு நகர்த்தலுக்கு 7, முக்காலமும் அறிந்தவருக்கு 8. நடந்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்ட ஒரு முறை, நடக்கப்போவதை அறிந்தவருக்கு ஒரே ஒரு படி பின்னால் நிற்கிறது.

இந்த ஒப்பீட்டை முறையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் ஹங்கேரியில் பிறந்து ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய லாஸ்லோ பேலாடி. அவர் முன்னிருந்த சிக்கல் கணினி நினைவகத்தைப் பற்றியது. வேகமான நினைவகம் சிறியது. எல்லாத் தகவலும் அதில் அடங்காது. புதியது வரும்போது எதை வெளியே அனுப்புவது? மிகத் தொலைவான எதிர்காலத்தில் தேவைப்படப் போவதையே வெளியேற்ற வேண்டும் என்ற முறையை 1966இல் வெளியான கட்டுரையில் அவர் அளவுகோலாக வைத்தார். நடைமுறையில் எதிர்காலத்தை யாரும் அறிய முடியாது. ஆனாலும் மற்ற முறைகள் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று அளக்க அந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. நம் பள்ளி அலுவலகத்தின் நான்கு வரிப் பட்டியலும் அந்த வேகமான நினைவகமும் சந்திக்கும் கேள்வி ஒன்றே: இடம் குறைவு, எதை மறப்பது?

கடந்த காலம் ஏன் வழிகாட்டுகிறது?

இந்த எளிய முறை பலிப்பதற்குக் காரணம் நம் வேலையின் இயல்பில் இருக்கிறது. நாம் ஒரு நாள் ஒரு கோப்பு, மறுநாள் இன்னொன்று என்று சீட்டுக் குலுக்கித் திறப்பதில்லை. கட்டணம் வசூலிக்கும் வாரத்தில் கட்டணக் கோப்பு திரும்பத் திரும்ப வரும். தேர்வு முடிந்த வாரத்தில் மதிப்பெண் கோப்பை விட்டுக் கை எடுக்க நேரம் இருக்காது. வேலை கொத்துக் கொத்தாக வருகிறது. எனவே சற்று முன் தொட்டதை மீண்டும் தொடுவதற்கு வாய்ப்பு அதிகம். கணினி நிரல்களும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன என்பதை 1968இல் பீட்டர் டென்னிங் விளக்கினார். ஒரு நிரலுக்கு எந்த நேரத்திலும் ஒரு சிறிய ‘வேலைத் தொகுப்பு’ போதும், அது மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகும் என்றார்.

1985இல் டேனியல் ஸ்லீட்டர், ராபர்ட் டார்ஜன் ஆகிய இருவரும் இதற்குக் கணித உறுதி கொடுத்தார்கள். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேடும் ஒரு பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். தேடி எடுத்ததை ஒவ்வொரு முறையும் உச்சிக்கு நகர்த்தினால், ஆகும் மொத்த உழைப்பு, எதிர்காலம் தெரிந்த மிகச் சிறந்த முறையின் உழைப்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கைத் தாண்டாது. எவ்வளவு மோசமான வரிசையில் கேட்டாலும் இந்த உறுதி நிற்கும்.

கணினிக்கு வெளியிலும் இதைச் செய்து காட்டியவர் உண்டு. ஜப்பானியப் பொருளியல் அறிஞர் யூகியோ நொகுச்சி, காகிதங்களைத் துறை வாரியாகப் பிரித்து அடுக்குவதைக் கைவிடச் சொல்லி 1993இல் ஒரு நூல் எழுதினார். ஒவ்வொரு வேலைக்கான காகிதங்களையும் ஓர் உறையில் போட்டு, அலமாரியில் நிற்க வைக்க வேண்டும். எடுத்துப் பயன்படுத்திய உறையை எப்போதும் இடது ஓரத்தில் திரும்ப வைக்க வேண்டும். நாளாக நாளாக, பயன்படாத உறைகள் தாமாகவே வலது ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். வகைப்படுத்தும் மூளை உழைப்பே இதற்குத் தேவை இல்லை. ஆக்சஸின் அண்மைப் பட்டியலைப் படுக்க வைத்தால் அதுவே நொகுச்சியின் அலமாரி.

பட்டியல் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

நம் பள்ளி உதாரணத்தில் இடங்களின் எண்ணிக்கையை மட்டும் மாற்றிப் பார்ப்போம். மூன்று இடங்கள் என்றால் 13இல் 5 முறை பட்டியல் உதவும். நான்கு என்றால் 7. ஐந்து என்றால் 8. ஆறு இடங்கள் கொடுத்தாலும் அதே 8தான். இருப்பதே ஐந்து கோப்புகள். மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது கிடைத்த லாபம் இரண்டு. அடுத்த இடத்துக்குக் கிடைத்தது ஒன்று. அதற்கடுத்த இடத்துக்கு எதுவும் இல்லை. புழக்கத்தில் உள்ள கோப்புகளின் எண்ணிக்கையை ஒட்டி நீளம் இருந்தால் போதும். அதற்கு மேல் நீட்டினால், தேடும் வேலை ஃபோல்டரிலிருந்து பட்டியலுக்கு இடம் மாறுகிறதே ஒழியக் குறைவதில்லை.

இங்கே ஒரு வியப்பையும் சொல்ல வேண்டும். முன்னுக்கு நகர்த்தும் முறையில் இடத்தைக் கூட்டினால் பலன் ஒருபோதும் குறையாது. வந்த வரிசைப்படி வெளியேற்றும் முறைக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் கேட்டுப் பாருங்கள். மூன்று இடங்கள் இருந்தால் 9 முறை தவறும். நான்கு இடங்கள் கொடுத்தால் 10 முறை தவறும்! இடத்தைக் கொடுத்து இழப்பை வாங்குவது போல. 1969இல் பேலாடியும் அவருடைய சகாக்களும் வெளிப்படுத்திய இந்த விந்தை அவர் பெயராலேயே வழங்குகிறது. காகிதமும் பேனாவும் எடுத்து நீங்களே பத்து நிமிடத்தில் சரிபார்க்கலாம்.

ஆக்சஸில் பட்டியலின் நீளத்தை நாமே அமைக்கலாம். ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதற்குள் கிளையண்ட் செட்டிங்ஸ், அதில் டிஸ்ப்ளே என்ற பகுதிக்குப் போனால், எத்தனை அண்மைத் தரவுத்தளங்களைக் காட்ட வேண்டும் என்று ஓர் எண் கேட்கும். அங்கே பூஜ்யம் கொடுத்தால் பட்டியல் கண்ணில் படாது. லிப்ரே ஆஃபீஸில் நீளம் வழக்கமாக 25. அங்கே ஃபைல் மெனுவின் அண்மை ஆவணங்கள் பகுதியிலேயே பட்டியலைத் துடைக்கும் வசதியும் உண்டு.

குண்டூசி: நமக்குத் தெரிந்த எதிர்காலம்

முன்னுக்கு நகர்த்தலுக்கு ஒரு பலவீனம் உண்டு. மாணவர் கோப்பு அந்தப் பள்ளியின் ஆதாரம். மற்ற எல்லாக் கோப்புகளுக்கும் வேர். ஆனால் அது அடிக்கடி திறக்கப்படுவதில்லை. பட்டியலுக்கு முக்கியத்துவம் தெரியாது. நேரம் மட்டுமே தெரியும். எனவே ஒருமுறை எட்டிப் பார்த்த நூலகத்துக்காக மாணவரை வெளியே அனுப்பியது.

இந்தக் குறைக்கு மருந்துதான் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் குண்டூசிப் படம். அதை அழுத்தினால் அந்தப் பெயர் நிலையாகப் பட்டியலில் நிற்கும். இதைப் ‘பின் குத்துவது’ என்கிறோம். முன்பு சொன்ன மூன்று செய்திகளில் அந்தச் சிறு குறி இதற்காகத்தான்.

திங்கட்கிழமை மாலையிலேயே உதவியாளர் மாணவர் கோப்புக்குப் பின் குத்திவிட்டார் என்று வைத்துக்கொண்டு வாரத்தை மீண்டும் ஓட்டுவோம். நான்கு இடங்களில் ஒன்று மாணவருக்கு நிலையாகப் போய்விட்டது. மீதி மூன்று இடங்களில் மற்றவை சுழல வேண்டும். வியாழக்கிழமை நூலகம் வந்ததும் தேர்வு வெளியேறுகிறது. வெள்ளிக்கிழமை மாணவர் தேவைப்படும்போது அது இடத்திலேயே இருக்கிறது. சனிக்கிழமை கட்டணமும் இருக்கிறது. மொத்தம் 13இல் 8. முக்காலமும் அறிந்தவர் பெற்ற அதே எண்!

எதிர்காலம் பட்டியலுக்குத் தெரியாது. உதவியாளருக்கு அதில் ஒரு பகுதி தெரியும். புதிய சேர்க்கை வந்தால் மாணவர் கோப்பைத் திறந்தாக வேண்டும் என்பது அவருடைய அனுபவ அறிவு. அந்த அறிவைக் கணினிக்குச் சொல்லும் ஒரே வழி அந்தக் குண்டூசி. ஆனால் குத்தும் ஒவ்வொரு பின்னும் சுழலும் இடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது என்பதையும் நம் கணக்கு காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் பின் குத்தினால் பட்டியல் உறைந்துவிடும். அபூர்வமாகத் திறந்தாலும் தவறாமல் தேவைப்படும் இரண்டு மூன்று கோப்புகளுக்கு மட்டும் குத்துங்கள்.

பாதை தவறும் இடங்கள்

பட்டியலில் இருப்பது முகவரிதான் என்பதை மறந்தால் தொல்லைகள் வரும். முதல் வகைத் தொல்லை, செத்த முகவரி. கோப்பை வேறு ஃபோல்டருக்கு மாற்றினாலோ, பெயரைத் திருத்தினாலோ, பட்டியலில் உள்ள பழைய வரியை அழுத்தும்போது ‘கோப்பைக் காணவில்லை’ என்ற செய்தி வரும். பென் டிரைவிலிருந்து திறந்த கோப்புகளுக்கு இது அடிக்கடி நேரும். இன்று ஈ என்ற எழுத்தில் வந்த டிரைவ் நாளை எஃப் என்ற எழுத்தில் வரலாம், பாதை மாறிவிடும். பதற்றம் வேண்டாம். தரவு பத்திரமாக இருக்கிறது. புதிய இடத்துக்குப் போய்க் கோப்பை ஒருமுறை திறந்தால் சரியான வரி தானே உண்டாகும். செத்த வரியின் மேல் வலது கிளிக் செய்து, பட்டியலிலிருந்து நீக்கும் கட்டளையைக் கொடுத்தால் போதும். பின் குத்தாத எல்லாவற்றையும் ஒரே தடவையில் துடைக்கவும் அங்கேயே ஒரு கட்டளை உண்டு.

இரண்டாவது வகைதான் ஆபத்தானது: தவறான முகவரி. நம் உதவியாளர் ஒரு நாள் மாலை, காப்புநகலாக வைத்த கட்டணக் கோப்பு சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்து மூடுகிறார். விதிப்படி அந்த நகல் பட்டியலின் உச்சிக்குப் போகிறது. மறுநாள் காலை வேறொருவர் அந்த இருக்கையில் உட்கார்ந்து, மேலே தெரியும் ‘கட்டணம்’ என்ற பெயரை அழுத்துகிறார். பெயர் ஒன்று, பாதை வேறு. அன்றைய வசூல் முழுவதும் நகலில் ஏறுகிறது.

கடிதம் எழுதும் மென்பொருளில் இப்படி நேர்ந்தால், சேமிக்காமல் மூடித் தப்பிக்கலாம். ஆக்சஸில் அந்த வழி இல்லை. ஒரு பதிவை நிரப்பி அடுத்த பதிவுக்கு நகர்ந்த உடனே அது கோப்பில் எழுதப்பட்டுவிடுகிறது. மின்வெட்டில் வேலை வீணாகாமல் காக்கும் இதே குணம், தவறான கோப்பில் எழுதும்போது எதிரியாகிறது. இரண்டு கோப்புகளிலும் பாதிப் பாதி உண்மை கிடக்கும். அவற்றைச் சேர்ப்பது கடினமான வேலை.

தடுக்கும் வழி எளிது. காப்புநகலுக்குத் தேதியுடன் வேறு பெயர் கொடுங்கள். நகலைத் திறந்து பார்த்தால், வேலை முடிந்ததும் அதன் வரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அழுத்தும் முன் பெயருக்குக் கீழே தெரியும் ஃபோல்டரையும் படியுங்கள்.

பட்டியல் ஒரு தடமும்கூட

எந்தக் கோப்பு எப்போது திறக்கப்பட்டது என்று எழுதி வைத்த குறிப்பு, திறந்தவருக்கு உதவுவது போலவே மற்றவருக்கும் செய்தி சொல்லும். கணினித் தடயவியல் துறையினர் ரெஜிஸ்ட்ரியில் உள்ள இந்த வரிகளைச் சான்றாகப் படிக்கிறார்கள். கோப்பு அழிந்த பிறகும் அது எந்த ஃபோல்டரில் இருந்தது, கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்பதை அந்த வரி சொல்லும்.

பலர் கைபடும் கணினியில் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் பிரிவைச் சொல்லும் கோப்புப் பெயரும், ஒரு நிறுவனத்தில் பணிநீக்கப் பட்டியல் என்ற கோப்புப் பெயரும், திறக்காமலேயே செய்தியைக் கசியவிடும். ஆக்சஸின் பட்டியலைத் துடைத்தால் மட்டும் தடம் முழுவதும் போய்விடாது. அண்மையில் திறந்தவற்றை விண்டோஸும் தனியாகக் குறித்து வைக்கிறது. பணிப்பட்டையில் ஒரு மென்பொருளின் மேல் வலது கிளிக் செய்தால் தெரியும் பட்டியல் அதிலிருந்து வருவது. அதைத் தனியாகத் துடைக்க வேண்டும். பட்டியலை மறைப்பது பூட்டுப் போடுவது ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். கோப்பைக் காக்க வேண்டுமானால் கோப்புக்கே கடவுச்சொல் போட வேண்டும். ஒவ்வொருவரும் தனிப் பயனர் பெயரில் உள்நுழைய வேண்டும்.

நாளை காலை செய்ய வேண்டியது

எல்லாவற்றையும் நினைவில் வைக்க முயலும் பட்டியல் நீண்டு நீண்டு பயனற்றுப் போகும். நெடுநாள் தொடாததை மறந்துவிடத் தெரிந்ததால்தான் இந்தச் சிறிய பட்டியல் நமக்கு உதவுகிறது. அதன் மறதி நேரத்தை மட்டும் பார்த்து நடப்பது. எது முக்கியம், எது நகல், எது மற்றவர் கண்ணில் படக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

எனவே நாளை காலை தரவுத்தளத்தைத் திறக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். செத்த வரிகளை நீக்குங்கள். நகல்களின் வரிகளை நீக்குங்கள். தவறாமல் தேவைப்படும் இரண்டு மூன்றுக்குப் பின் குத்துங்கள். நீக்கும்போது கை நடுங்க வேண்டாம்: நீங்கள் அடிப்பது முகவரி நோட்டில் ஒரு வரியை மட்டுமே, வீடு அங்கேயே இருக்கிறது.